ஆறு பெட்டிக்குப் பன்னிரண்டு சங்கிலி

1

"தொங்கானில் வேலை பார்த்தவர்கள் யாராவது இன்னும் இங்கே இருக்கிறார்களா?"

போன வைகாசியில் ஒருநாள் ஜொகூர் பாரு ஸ்டேஷனின் கூட்ஸ் ஷெட் வாசலில் நின்று ஒரு மலாய்க்காரர் இப்படிக் கேட்டார். நான் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஷெட்டில் இருந்த எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள். வேறு யாரைக் காட்டுவது? பழைய ஆட்களில் சிலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். சிலர் மண்ணுக்குப் போய்விட்டார்கள்.

இந்தப் பத்திரிகைக்கு நான் இதுவரை அனுப்பிய குறிப்புகளில் மழையைப் பற்றியும், ரப்பர் தோட்டங்களைப் பற்றியும், இங்கே தீபாவளி எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இது அந்த மாதிரி அல்ல. நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது.

தொங்கான் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று சிங்கப்பூரில் ரயில் ஏறுகிறவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே ஜொகூருக்கு வந்து சேரலாம். நடுவில் உள்ள கடலில் கல்லைக் கொட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். நான் வந்த காலத்தில் அந்தப் பாதை கிடையாது. சரக்குப் பெட்டிகளைக் கரையிலிருந்து ஒரு சாய்பாலம் வழியாக மெல்ல உருட்டி, தட்டையான பெரிய படகு ஒன்றின் மேல் ஏற்றுவார்கள். படகின் தளத்திலேயே தண்டவாளம் இருக்கும். ஒரு தடவைக்கு ஆறு பெட்டி. சின்ன நீராவிப் படகு ஒன்று அதை எதிர்க்கரைக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தட்டைப் படகைத்தான் நாங்கள் தொங்கான் என்போம். நடுக்கடலில் பெட்டிகள் உருளாதபடி சங்கிலி போட்டுக் கட்டுவது எங்கள் வேலை.

வந்தவரின் பெயர் இஞ்சே ஓஸ்மான்; நாம் திரு என்பதை இங்கே இஞ்சே என்பார்கள். சர்க்காரில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஒரு கட்டடத்தின் பின்கூடத்தைக் காட்சிசாலையாக்க அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ஜொகூரில் ஓடிய பழைய ரயில்களையெல்லாம் சிறு உருவில் செய்து அங்கே வைப்பதுதான் அவர் எண்ணம்.

"தொங்கானுக்குப் படம் இருக்கிறது. அளவு இருக்கிறது. ஆனால் சங்கிலியை எங்கே, எப்படி மாட்டினீர்கள் என்று எந்தப் படத்திலும் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் வந்து பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார்.

வருகிறேன் என்றேன். அன்று முழுக்க ஒரே மூட்டைக்கு இரண்டு சீட்டு ஒட்டினேன். ஷெட் தலைவர் என்னைக் கூப்பிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

2

ஞாயிற்றுக்கிழமை என் மகள் கமலத்தையும் அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். மலாய் அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். நான் பேசும் மலாயைக் கேட்டால் அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம். கடைக்குப் போனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசி முடித்துவிடுவாள்.

கூடத்தில் நீளமான மேசை போட்டிருந்தது. அதன் ஒரு கோடியில், எங்கள் காலத்துக்கெல்லாம் வெகு முன்னால் மரத்தண்டவாளத்தில் ஓடிய ஒரு வண்டி. அந்தத் தண்டவாளத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். இஞ்சே ஓஸ்மான் தீக்குச்சிகளை ஒட்டி அந்தப் பாதையைச் செய்திருந்தார். அதற்கு அடுத்தாற்போல் ஒரு நீராவி எஞ்சின், மூன்று பெட்டிகளோடு. தண்டவாளம் பழைய குடைக்கம்பி. எஞ்சினின் புகைபோக்கியில் கொஞ்சம் கறுத்த பஞ்சு. கைப்பிடியைச் சுற்றினால் அது ஒரு முழம் தூரம் போய் நின்றது. கமலம் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள்.

மேசையின் நடுவில் கடல். சுண்ணாம்பைக் குழைத்து அலை அலையாகத் தீற்றி, பச்சையும் சாம்பலும் பூசியிருந்தார். கரையில் தேங்காய் நாரில் செய்த சதுப்பு மரங்கள். கடலின் மேல் தொங்கான். அதன்மேல் புகையிலை டப்பாத் தகட்டில் செய்த ஆறு பெட்டிகள், ஒவ்வொன்றும் என் விரல் நீளம்.

எல்லாம் சரியாக இருந்தது. சாய்பாலத்தின் இரும்புக் கீல், பின்பக்கத்தில் நாங்கள் சங்கிலிகளைப் போட்டுவைக்கும் பெட்டி, அதன்மேல் கிடந்த கயிற்றுச் சுருள்கூட இருந்தது.

"ஒரு பெட்டிக்கு எத்தனை போட்டீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"டுவா லந்தாய்" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். பென்சிலை எடுத்து ஒரு தாளில் தொங்கானின் மேல் இன்னொரு தொங்கான் வரைந்தார். "இப்படியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார்.

கமலம் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அப்பா, அது ரந்தாய் லா. லந்தாய்னா தரை. தொங்கானுக்கு ரெண்டு மாடின்னு சொல்லிட்டீங்க."

எனக்குச் சங்கிலி என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தவன் கூட வேலை செய்த ஒரு சீனன். அவன் நாக்கில் 'ர' வராது. இருபத்து மூன்று வருஷமாக நான் சங்கிலியைத் தரை என்றே சொல்லிவந்திருக்கிறேன், ஒருவரும் திருத்தவில்லை. இஞ்சே ஓஸ்மான் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு பழைய அச்சுத் தாளை எடுத்தார்.

"ஆனால் இரண்டு சங்கிலி என்கிறீர்கள். விதித்தாளில் நாலு என்று இருக்கிறதே. மூலைக்கு ஒன்று. ஆறு பெட்டிக்கு இருபத்து நாலு."

"விதி நாலுதான்" என்றேன்.

"போட்டது?"

கமலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

3

என் அக்கா அஞ்சலையின் புருஷர் பெயர் உலகநாதன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். நான் கப்பலேறப் போகிறேன் என்றபோது அக்கா என்னைத் தடுக்கவில்லை. "நீ சின்னப்பய. தனியா போனா யாராவது ஏமாத்திப்புடுவான். இவரையும் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிப் புருஷரை என்னோடு அனுப்பிவைத்தாள். அத்தானுக்குப் போக இஷ்டமில்லை. அவள் சொன்னதால் வந்தார்.

இருவருக்கும் தொங்கானில் வேலை கிடைத்தது. ஆட்களைப் பிடித்து வேலை வாங்கும் மேஸ்திரியை இங்கே மண்டோர் என்பார்கள். எங்கள் மண்டோரும் தமிழர்தான். ஒரு நாளைக்கு இத்தனை தடவை போய்வரவேண்டும் என்று அவருக்கு மேலேயிருந்து நெருக்கடி. நாலு சங்கிலி போட்டால் நேரமாகிறது என்று இரண்டாகக் குறைத்தார். எதிர்மூலைக்கு எதிர்மூலை ஒன்று. முதலில் பயந்தோம். பத்து நாளில் பழகிவிட்டது. கடலும் அங்கே பெரிதாக ஆடாது.

பெரிய சண்டை முடிந்த சமயம். ஒருநாள் முற்பகல் ஒரு கப்பல் கொஞ்சம் நெருக்கமாகப் போனது. அதன் அலையில் தொங்கான் ஒருபக்கமாகச் சாய்ந்தது. நாலாவது பெட்டியில் அரிசி மூட்டை. அதன் சங்கிலிக் கொக்கி ஒன்று நிமிர்ந்துவிட்டது. பெட்டி ஒரு முழம்தான் உருண்டது. மூன்றாவதற்கும் நாலாவதற்கும் நடுவில் அத்தான் நின்றிருந்தார்.

கரை சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் விசாரணை. அதற்கு முன்னால் மண்டோர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நாலு சங்கிலியும் போட்டிருந்துச்சு. கரை கிட்டக்க வந்துடுச்சுன்னு அவசரப்பட்டு உங்க அத்தான்தான் ரெண்டைக் கழட்டினாரு. அப்படித்தான் சொல்லணும். ரெண்டுன்னு சொன்னா நம்ம அத்தனை பேருக்கும் வேலை போயிடும். ஒரு ஆளுக்காக இருபது பேர் சோறு" என்றார். நான் தலையாட்டினேன். அறைக்குள்ளே கேட்டபோதும் ஆமாம் என்றேன். மொழிபெயர்த்தவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வயதைச் சொல்வது சாக்குச் சொல்வதற்காக அல்ல. இருபத்திரண்டு வயதில் இரண்டுக்கும் நாலுக்கும் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த மாதமே மண்டோர் என்னைத் தொங்கானிலிருந்து எடுத்துச் சாமான் கிடங்கில் போட்டார். பிறகு அவரே முன்னால் நின்று எனக்குக் கல்யாணமும் செய்துவைத்தார்.

ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நிஜத்தை எழுதலாம் என்று நினைத்தேன். கடிதம் வேறு கையில் சிக்கினால் என்ன ஆவது என்று பயம் வந்தது. விசாரணையில் சொன்ன அதே வாக்கியத்தை எழுதி அனுப்பினேன். அதை அக்காவுக்குப் படித்துச் சொன்னவர் அவளுடைய மாமனார். அவசரப்பட்டுக் கழற்றினான் என்பது அந்த வீட்டில் கொஞ்ச நாளில் குடித்துவிட்டுக் கழற்றினான் என்று ஆயிற்று. போக மாட்டேன் என்றவனைக் கப்பலேற்றியது இவள்தானே என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அக்கா இதையெல்லாம் எனக்கு எழுதச் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அவளிடமிருந்து வருகிற கடிதம் எப்போதும் என் உடம்பை விசாரித்து முடிந்துவிடும்.

4

ஒரு வாரம் கழித்து இஞ்சே ஓஸ்மானிடம் போய், "இரண்டுதான் போட்டோம்" என்றேன்.

அவர் உடனே மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சர்க்காரில் முப்பது வருஷம் இருந்தவர். "நாலு என்பதற்கு என்னிடம் தாள் இருக்கிறது. இரண்டு என்பதற்கு உங்கள் வாய்தான் இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எழுத்தில் இல்லாததை நான் மேசையில் வைக்கமாட்டேன்" என்றார். ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

ஆங்கிலம் என்றால் கமலம்தான். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளை மேசையில் உட்காரவைத்து, நான் தமிழில் எழுதியதைக் கொடுத்தேன். தமிழ் எழுத்தை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒவ்வொரு வரியாக முணுமுணுத்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். பாதியில் பேனா நின்றது.

"அப்பா, உலகநாதன்னா அந்த அத்தையோட...?"

"ஆமா."

அவள் மேலே படித்தாள். ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இங்க, 'விசாரணையில் தவறாகச் சொன்னேன்'னு எழுதியிருக்கீங்க. இதுக்கு என்ன போடட்டும்? மிஸ்டேக்னு போடவா, லைன்னு போடவா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"தெரியாம சொன்னா மிஸ்டேக். தெரிஞ்சு சொன்னா லை."

இந்தப் பெண் தமிழை மறக்கிறாள், நம்மை விட்டு விலகிப் போகிறாள் என்று எத்தனையோ தடவை அவள் அம்மாவிடம் குறைப்பட்டிருக்கிறேன். அன்று அவள் மொழியில் இருந்த அந்தக் கறாரை நான் ஒளிந்துகொண்ட என் மொழியில் தேடினேன். இல்லாமல் இல்லை, பொய் என்று ஒரு சொல் இருக்கிறது. நான்தான் எடுக்கவில்லை.

"ரெண்டாவது போடு" என்றேன்.

எழுதினாள். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

விஷயம் எப்படியோ மண்டோர் காதுக்குப் போயிருக்கிறது. அவர் இப்போது எங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். எழுபது வயது தாண்டிவிட்டது. கோயிலில் அவருக்கு முதல் மரியாதை உண்டு. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார்.

"வெளையாட்டு ரயிலுக்கு எத்தனை சங்கிலியா இருந்தா என்னப்பா?" என்றார் பிறகு.

"வெளையாட்டு இல்லைங்க. நாளைக்கு வர்றவங்க அதைப் பார்த்துத்தான் இப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்குவாங்க."

"நான் உனக்குக் கெடுதல் செஞ்சேனா?"

"இல்லைங்க. எனக்கு நல்லதுதான் செஞ்சீங்க."

"அப்ப இன்னும் கொஞ்ச நாள் பொறு. நாலுன்னே இருக்கட்டும். நான் போன பிறகு மாத்திக்க. எத்தனை நாள் இருக்கப்போறேன்?"

அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் சொன்னேன்: "உங்க பேரு அதுல இல்லைங்க. நான் பொய் சொன்னேன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன். எங்க அக்கா உயிரோட இருக்கும்போதே அதைச் சொல்லணும்."

அவர் எழுந்து போனார். அதற்குப் பிறகு என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கமாகக் கடந்துவிடுகிறார். போன மாதம் கோயிலில் விபூதி கொடுக்கும்போதுகூட முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எழுதிக்கொடுத்தது ரயில்வே மேலிடத்துக்கும் எட்டி, அங்கிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. முன்பு சொன்னதற்கும் இப்போது சொன்னதற்கும் வேறுபாடு ஏன் என்று விளக்கம் கேட்டு, மூன்று நகல்களில் பதில் தரவேண்டும் என்றது. கொடுத்தேன். வேலை போகும் என்று நானும் மனைவியும் மனத்தைத் தயார் செய்துகொண்டு இரண்டு மாதம் இருந்தோம். பிறகு இன்னொரு தாள் வந்தது. விவரம் குறித்துக்கொள்ளப்பட்டது, அவ்வளவுதான். பதினேழு வருஷம் நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு வரிக்கு.

இஞ்சே ஓஸ்மான் மெல்லிய கம்பியை முறுக்கிப் பன்னிரண்டு சங்கிலி செய்து மாட்டினார். பக்கத்தில் ஒரு அட்டையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தார்: விதி நாலு, வழக்கத்தில் போட்டது இரண்டு, அதனால் ஒருவர் இறந்தார். அத்தான் பெயரையும் போடவேண்டும் என்று கேட்டேன். எழுத்து எழுத்தாக என்னிடம் கேட்டு எழுதினார்.

5

அன்றே அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பதில் வரச் சுணங்கியது. வந்த கடிதத்தில் மூன்றே வரி. மாமனார் இறந்துவிட்டார், உன் கடிதத்தை இந்தத் தடவை வாத்தியாரிடம் கொடுத்துத் தெருவில் வைத்துப் படிக்கச் சொன்னேன், நான் அந்த இடத்தைப் பார்க்க வருகிறேன்.

மன்னிப்பு என்றோ கோபம் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தனியாக வந்தாள். சிங்கப்பூருக்கு எதிரே உள்ள தனிமைத் தீவில், தொற்றுநோய் ஏதும் இல்லை என்று பார்ப்பதற்காக, சில நாள் வைத்திருந்துதான் விட்டார்கள். நான் போய் அழைத்துக்கொண்டேன். அங்கே குமாஸ்தா ஒருவர் தாளை வைத்துக்கொண்டு, என்ன வேலையாக வந்தீர்கள் என்று அவளைக் கேட்டார். "ஒரு வண்டியைப் பாக்கணும்" என்றாள். எந்த வண்டி என்றார். "தம்பிக்குத் தெரியும்" என்றாள். அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் அவர் உறவினரைக் காண என்று போட்டுக்கொண்டார்.

ரயிலில் என் எதிரே உட்கார்ந்து வந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஊரில் யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். கல்பாதையின்மேல் வண்டி ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிந்தது. பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து சன்னலண்டை நின்றாள்.

"இதுதானா அந்தத் தண்ணி?"

"ஆமா அக்கா."

"இவ்வளவுதானா? நான் பெரிய சமுத்திரம்னு நெனைச்சிருந்தேன்."

எதிர்க்கரையில் வீடுகள் தெரிந்தன, ஆட்களும் தெரிந்தார்கள். வண்டி கடந்து முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.

வீட்டில் கமலத்துக்கும் அவளுக்கும் முதலில் பேச்சுச் சரியாக ஓடவில்லை. "அத்தை, பாசாருக்குப் போலாமா?" என்றால் அவள் விழிப்பாள். "கடைத்தெருன்னு சொல்லேம்மா" என்பாள். மூன்றாம் நாள் இருவரும் நான் இல்லாமலே கடைத்தெருவுக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கிவந்தார்கள். என்னோடு மட்டும் அக்கா அளந்துதான் பேசினாள். அத்தானைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானாக ஆரம்பித்தால், "அங்க வந்து பாத்துக்கறேன்" என்று நிறுத்திவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் காட்சிசாலைக்குப் போனோம். தொங்கானின் மேல் இப்போது கண்ணாடி போட்டு மூடியிருந்தார்கள். இஞ்சே ஓஸ்மான் நாற்காலி எடுத்துப்போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அக்கா உட்காரவில்லை. மேசையைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். கமலம் அட்டையில் இருந்ததைத் தமிழில் சொன்னாள், திக்கித் திக்கி. அத்தான் பெயர் எது என்று அக்கா கேட்க, எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"அவரு எங்க நின்னாரு?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

மூன்றாவது பெட்டிக்கும் நாலாவதற்கும் நடுவே காட்டினேன்.

"நீ எங்க நின்ன?"

பின்பக்கத்துச் சங்கிலிப் பெட்டியைக் காட்டினேன். கண்ணாடிக்குள் இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"அவருக்கு நெனைவு இருந்துச்சா? ஏதாவது பேசினாரா?"

விசாரணையில் என்னிடம் சங்கிலியைக் கேட்டார்கள், கப்பலைக் கேட்டார்கள், மணி என்ன என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"ஓடிப்போய்ப் பெட்டியைத் தள்ளினேன் அக்கா. நகரலை. இடையில கையைக் குடுத்து நெம்பிப் பார்த்தேன். அப்ப படகு திரும்பவும் சாயுது. அத்தான் என்னைப் பார்த்து, 'எடுத்துடுறா, உன் கை நசுங்கிடும்'னாரு."

"எடுத்தியா?"

"எடுத்துட்டேன்."

கமலம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா என் வலக்கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைப் பார்த்தாள். புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு போனாள். பிறகு கையை விடாமலே சொன்னாள்:

"சங்கிலியப் பத்தி எழுதப் பயந்தே, சரி. அவரு கடைசியாச் சொன்னதை எழுதறதுக்கு என்னடா பயம்?"

அவள் அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.